மழை மாதங்களில் மல்லிகை: அடுக்குமாடிப் பூச்செடிக்கு வரும் கோளாறுகளும் அவற்றைத் தீர்க்கும் வழியும்

நவம்பர் பிறந்ததும் சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒரே வகைக் கேள்விகள் வரத் தொடங்கும். "அக்கா, மல்லிகை இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது." "ஜூன் மாதம் அப்படிப் பூத்தது, இப்போது ஒரு மொட்டுகூட இல்லை." "மழைக்குப் பயந்து உள்ளே எடுத்து வைத்தேன், செடி மொட்டையாகிவிட்டது." கேட்கிறவர் கையில் பெரும்பாலும் புதிதாக வாங்கிய உரப் பொட்டலம் ஒன்று இருக்கும். அதை இப்போது பிரிக்க வேண்டாம் என்பதே என் முதல் பதில். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தொட்டிச் செடி நலிவதற்குக் காரணம் அநேகமாக இரண்டுதான்: வெளிச்சம் குறைந்திருக்கும், அல்லது மண் காயாமல் இருக்கும். இரண்டையும் சரிசெய்யக் காசு தேவையில்லை.

இங்கே சொல்பவை குண்டுமல்லி, அடுக்குமல்லி, முல்லை, ஜாதிமல்லி, கனகாம்பரம், செம்பருத்தி, நந்தியாவட்டை ஆகியவற்றுக்குப் பொருந்தும். ஆர்க்கிட் வளர்ப்பு வேறு கணக்கு. அதை இதில் சேர்க்கவில்லை.

## எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் இரண்டு சோதனைகள்

ஈரம். ஒரு சாத்தே குச்சியை (இறைச்சித் துண்டு கோக்கும் மெல்லிய மூங்கில் குச்சி) தொட்டி மண்ணில் அடிவரை செருகிப் பத்து நிமிடம் விட்டு எடுங்கள். குச்சி நனைந்து கருத்து, மண் ஒட்டி வந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மேல்மண் காய்ந்து தெரிவதை நம்பக் கூடாது. டிசம்பரில் மேலே தூசி பறக்கும், அடியில் சேறாக இருக்கும்.

வெளிச்சம். சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, பிற்பகல் ஒரு மணி வாக்கில். அந்த நேரத்தில் செடிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைப் பிடியுங்கள். இலைமேல் விரல்கள் தனித்தனியாகத் தெரியும்படி நிழல் விழுந்தால் நேர்வெயில் கிடைக்கிறது. கலங்கிய நிழல் என்றால் செடி உயிரோடு இருக்கும், பூக்காது. நிழலே விழவில்லை என்றால் அந்த இடம் பூச்செடிக்கு ஆகாது. காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இதையே மீண்டும் செய்து பாருங்கள். கிழக்கு, மேற்கு பார்த்த வீடுகளில் வெயில் அந்த வேளைகளில்தான் வரும்.

இந்த இரண்டும் தெரிந்த பிறகு கீழே உங்கள் செடியின் நிலையைத் தேடுங்கள்.

## அறிகுறி 1: இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்று பாருங்கள். அடியில் இருக்கும் முதிர்ந்த இலையா, நுனியில் இருக்கும் கொழுந்தா? வைத்தியம் இரண்டுக்கும் வேறு. மாதத்தில் ஒன்றிரண்டு அடி இலைகள் பழுத்து விழுவது இயல்பு. அதற்குக் கவலை வேண்டாம்.

### அடி இலைகள் மஞ்சள், குச்சி ஈரம்

மழை மாதங்களில் நான் பார்க்கும் செடிகளில் மிகுதியானவை இந்த வகைதான். கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள்.

1. தட்டில் தண்ணீர் நிற்கிறதா? கொட்டுங்கள்.
2. அழகுக்காகத் தொட்டியை இன்னொரு பீங்கான் தொட்டிக்குள் இறக்கி வைத்திருக்கிறீர்களா? வெளியே எடுத்துப் பாருங்கள். இரண்டு அங்குலத் தண்ணீர் அங்கே தேங்கியிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது.
3. அடித்துளை அடைத்திருக்கிறதா? அதே சாத்தே குச்சியால் கீழிருந்து குத்தித் திறந்துவிடுங்கள்.
4. தினமும் காலையில் சாமி கும்பிட்டதும் ஒரு சொம்பு ஊற்றும் பழக்கமா? பிப்ரவரி வெயிலில் அது சரி. டிசம்பரில் அதே அளவு செடியைக் கொல்லும். குச்சி காய்ந்து வரும் வரை நிறுத்துங்கள். நான்கைந்து நாள் ஆனாலும் பொறுத்திருங்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு வாரத்தில் மஞ்சள் நிற்கவில்லை என்றால் வேரைப் பார்க்க வேண்டும். மாலை நேரத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, தொட்டியைச் சாய்த்து, விளிம்பைத் தட்டி, மண்ணோடு கழற்றி எடுங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர்பழுப்பாகவோ இருக்கும். நகத்தால் கிள்ளினால் இறுக்கம் தெரியும். அழுகிய வேர் கரும்பழுப்பு. அதை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் மேல்தோல் வழுக்கிக்கொண்டு கழன்று வரும். நடுவில் நூலிழை மட்டும் நிற்கும். சாக்கடை வாடையும் அடிக்கும்.

அழுகியதைச் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டி எறியுங்கள். வேரில் எவ்வளவு போயிற்றோ ஏறக்குறைய அந்த அளவுக்குக் கிளையையும் குறைக்க வேண்டும். மீண்டும் நடும்போது பெரிய தொட்டியைத் தேடாதீர்கள்; மிஞ்சிய வேருக்குப் பொருந்துகிற சின்னத் தொட்டியே நல்லது. கலவைக்குத் தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல்துகள்) அல்லது கரடுமணல் ஒரு பங்கு போதும். புளோக்குக்குக் கீழே கிடக்கும் மண்ணை அள்ளி வராதீர்கள். அது பெரும்பாலும் களி. தொட்டிக்குள் இறுகிக் கல்லாகிவிடும். நட்ட பிறகு ஒரு வாரம் நிழல், ஒரு மாதம் உரம் கிடையாது.

எப்போது தெரிந்தவரிடம் போவது: தண்டின் அடி, மண்ணைத் தொடும் இடத்தில், கருத்துக் குழைந்திருந்தால். அதற்கு மேல் வீட்டு வைத்தியம் பார்த்து நாளைக் கடத்த வேண்டாம். அடித்தண்டு, வேர், இலை மூன்றையும் அருகில் படம் எடுத்துக்கொண்டு தாம்சன் சாலைப் பக்கத்து நாற்றங்கால் ஒன்றுக்கோ, உங்கள் வட்டாரச் சமூகத் தோட்டத்துக்கோ போங்கள். அங்கே ஆண்டுக்கணக்கில் கைபழகியவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். போவதற்கு முன்பே நல்ல கிளை ஒன்றை வெட்டிப் பதியம் போட்டுவிடுங்கள் (முறை அறிகுறி 9-இல் இருக்கிறது). தாய்ச்செடி போனாலும் வம்சம் நிற்கும்.

### அடி இலைகள் மஞ்சள், குச்சி காய்ந்து வருகிறது

தண்ணீர் ஊற்றியதும் உடனே தட்டுக்கு வந்துவிடுகிறதா? நார்த்தூள் ஒருமுறை முற்றும் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. ஊற்றுவதெல்லாம் தொட்டியின் ஓரமாக வழிந்துவிடும். தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் விளிம்பு மட்டத்துக்கு அரை மணி நேரம் அமிழ்த்தி எடுங்கள். முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள்.

அப்படியும் ஒரே நாளில் காய்ந்துவிட்டால் வேர் தொட்டியை நிரப்பி வளையமாகச் சுற்றியிருக்கும். ஒரு சுற்று மட்டும் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். உயர்ந்த மாடிகளில் காற்றுக்கே மண் காய்ந்துபோகும், அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

### கொழுந்து மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இது இரும்புச்சத்துக் குறை. ஆனால் உடனே மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். சேற்றில் நிற்கும் வேரால் மண்ணில் இருக்கும் இரும்பையும் எடுக்க முடியாது. ஆகவே ஈரத்தை முதலில் சரிசெய்யுங்கள். அடுத்து, தொட்டியில் சாம்பல் போடுகிற வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். சாம்பல் மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும், மல்லிகைக்குச் சற்றே புளிப்பான மண் வேண்டும். இரண்டும் செய்து மூன்று வாரத்தில் புதுத் துளிர் பச்சையாக வரவில்லை என்றால், நாற்றங்காலில் கிடைக்கும் கரையும் இரும்புச்சத்தை வாங்கிப் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவிலேயே கொடுங்கள். ஏற்கெனவே மஞ்சளான இலை முழுப் பச்சைக்குத் திரும்பாமல் போகலாம். புது இலையைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

நரம்பு பச்சையாக இருந்து நடுவில் மஞ்சள் விழுவது முதிர்ந்த இலைகளில் என்றால் அது மக்னீசியக் குறை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்), மாதம் ஒருமுறை.

### இலை விளிம்பு பழுப்பாகிக் கருகுகிறது

தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் உர உப்பு மிஞ்சிவிட்டது. குளியலறையில் வைத்து, தொட்டிக் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். பொருக்கு இல்லையா? ஏர்கான் எந்தப் பக்கம் ஊதுகிறது என்று பாருங்கள். அறைக்குள் குளிர்க்காற்று நேராகப் படுவதும், வெளியே கம்ப்ரசரின் வெப்பக்காற்று படுவதும் ஒரே வடுவைத்தான் விட்டுச்செல்லும். இடத்தை மாற்றுவதே தீர்வு.

## அறிகுறி 2: உள்ளே கொண்டுவந்த ஒரு வாரத்தில் இலை கொட்டுகிறது

வீட்டு வாசலை ஒட்டிய பொது நடைபாதையில் பெயிண்ட் அடிக்கும்போதும், ஓயாத மழையின்போதும், ஊருக்குப் போகும்போதும் செடிகளைக் கூடத்துக்குள் இழுத்து வைக்கிறோம். நேர்வெயிலில் இருந்த செடி திடீரென்று வரவேற்பறை வெளிச்சத்துக்கு வந்தால், வேலையில்லாத இலைகளை உதிர்த்துவிடும். அதை நோய் என்று எண்ணி மருந்தடிப்பதுதான் ஆபத்து.

கிளையை நகத்தால் இலேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் செடி நன்றாக இருக்கிறது. சன்னலுக்கு ஒட்டிவையுங்கள்; இரண்டடி உள்ளே தள்ளினால்கூட வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும், நம் கண்ணுக்கு மட்டும் அது தெரியாது. இலை குறைந்ததால் செடி குடிக்கும் தண்ணீரும் குறையும், ஆகவே பாதியாகக் குறைத்து ஊற்றுங்கள். உரம் வேண்டாம். அரிசி கழுவிய நீரும் மோரும் இப்போது வேண்டாம். வெயிலில் மட்கிவிடும் பொருள் இருட்டில் புளித்து நாறும்.

உள்ளேயே நெடுநாள் வைக்க வேண்டிய நிலை என்றால் செடிவிளக்கு ஒன்று வாங்கலாம். நுனிக்கு மேலே ஒரு முழத்துக்குக் குறைவான உயரத்தில் கட்டி, நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரியவிடுங்கள். கூரையில் மாட்டிய விளக்கால் செடிக்குப் பயனில்லை.

டொராண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஆண்டுதோறும் இது கட்டாயம். இரவு வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்கு இறங்குவதற்கு முன்பே, வீட்டுச் சூடேற்றி ஓடத் தொடங்குவதற்கும் முன்பே, மல்லிகையை உள்ளே எடுத்துவிட வேண்டும். எடுக்கும் நாளில் இலையின் அடிப்பக்கத்தைக் கழுவிப் பூச்சி இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே வெயில் வரும் தெற்குச் சன்னலில் வைக்க வேண்டும். மெல்பர்னில் இருப்பவர்களுக்கு வடக்குச் சன்னல், குளிர் மாதங்களும் ஜூனிலிருந்து ஆகஸ்ட். சூடேற்றியின் வறண்ட காற்று சிலந்திப்பேனை வளர்க்கும் என்பதால் அறிகுறி 6 அவர்களுக்கு மிக முக்கியம். வசந்தம் வரும்வரை உரம் போடாமல் தண்ணீரைக் குறைத்து, செடியைத் தூங்கவிட வேண்டும். பாதி இலை போனாலும் பதற்றம் வேண்டாம்.

## அறிகுறி 3: பச்சைப்பசேல் என்று இருக்கிறது, பூ மட்டும் இல்லை

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் மக்கள் வீணாகப் பணம் செலவழிக்கிறார்கள்.

### முதல் கேள்வி: உங்கள் நடைபாதை எந்தப் பக்கம் பார்க்கிறது?

கைப்பேசியில் திசைகாட்டி இருக்கும், எடுத்துப் பாருங்கள். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றே கால் டிகிரிக்குச் சற்று மேலே, வடக்கில் இருக்கிறது. மார்ச் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். எஞ்சிய ஆறு மாதம் தெற்கே. நம் புளோக்குகளில் மேல்மாடித் தளம் கூரையாகக் கவிந்திருப்பதால், சூரியன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து நடைபாதைக்குள்தான் நடுப்பகல் வெயில் எட்டிப் பார்க்கும்.

இதனால் வடக்கு பார்த்த நடைபாதையில் மே, ஜூனில் அள்ளிப் பூத்த குண்டுமல்லி அக்டோபரில் நின்றுவிடும். செடிக்கு எந்த நோயும் இல்லை. வெயில் கட்டடத்தின் மறுபக்கம் போய்விட்டது. அடுத்த மார்ச் கடைசியில் அது திரும்பி வரும். குண்டுமல்லி நன்றாகப் பூக்க நாளுக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் நேர்வெயில் வேண்டும். முல்லையும் வெயிலை விரும்பும் கொடிதான். பகலின் நீளம் இங்கே ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணியை ஒட்டியே இருக்கிறது, ஆகவே நாள் சுருங்கிவிட்டது என்று குறைசொல்ல இடமில்லை. குறைந்தது வெயில் விழும் நேரம் மட்டுமே. அதோடு டிசம்பர், ஜனவரி மேகமூட்டமும் சேர்ந்துகொள்கிறது.

செய்ய வேண்டியவை, எளியதிலிருந்து:

வீட்டின் மறுபக்கத்துச் சன்னலில் இப்போது வெயில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அக்டோபரில் செடியை அங்கே மாற்றி, ஏப்ரலில் திருப்பிக் கொண்டுவாருங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை இடம்பெயர்ப்பு, அவ்வளவுதான். எந்த உரமும் இதற்கு ஈடாகாது.

மாற்ற இடமில்லை என்றால் உயரத்தைப் பாருங்கள். பழைய புளோக்குகளில் நடைபாதையின் கைப்பிடிச் சுவர் முழுக் கான்கிரீட். தரையில் வைத்த தொட்டி அதன் நிழலிலேயே நாள் முழுவதும் கிடக்கும். உறுதியான தாங்கியில் ஏற்றி வைத்தால் நுனிக்காவது வெயில் எட்டும். ஆனால் மூன்று எச்சரிக்கைகள். சுவரின் மேல் தொட்டி வைக்கவே கூடாது. விழுந்தால் கீழே நடப்பவர் உயிருக்கே ஆபத்து. வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சிறு பிள்ளைகள் இருந்தால் சுவரை ஒட்டித் தாங்கியே வேண்டாம், அது அவர்களுக்கு ஏணியாகிவிடும். நடைபாதையில் 1.2 மீட்டர் அகலம் எப்போதும் தடையின்றி இருக்க வேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி. தொட்டிகளை நிறுத்திய பின் அளந்து பாருங்கள்.

### வெயில் போதிய அளவு இருக்கிறது, இருந்தும் பூக்கவில்லை

மல்லிகை புதுத் துளிரில்தான் மொட்டு வைக்கும். கடைசியாக எப்போது கவாத்து செய்தீர்கள், அதாவது கிளைகளை வெட்டிவிட்டீர்கள்? தமிழ்நாட்டில் குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். அந்த மாதத்தை அப்படியே இங்கே பின்பற்ற வேண்டாம், மழை மூட்டத்தில் வரும் துளிர் மெலிந்து நீளும். தெற்கு பார்த்த நடைபாதை என்றால் ஜனவரி கடைசியில் வெட்டுங்கள். பருவமழையின் வறண்ட கட்டமான பிப்ரவரி வெயிலுக்குத் துளிர் தயாராக இருக்கும். வடக்கு பார்த்தது என்றால் மார்ச் நடுவில். செடியின் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, மிஞ்சிய முதிர்ந்த இலைகளையும் உருவிவிடுங்கள். நான்கிலிருந்து ஆறு வாரத்தில் அரும்பு தெரிய வேண்டும்.

அதுவும் செய்தாயிற்று என்றால் கடைசியாக உரம். தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த உரம் இலையை மட்டுமே வளர்க்கும். பொட்டலத்தில் மூன்று எண்கள் இருக்கும். முதல் எண்தான் தழைச்சத்து; அது மற்ற இரண்டைவிடக் குறைந்ததாக வாங்கிப் பாதி அளவில் தொடங்குங்கள்.

இதற்குத் தொழில்முறை உதவி தேவைப்படாது. நேர்வெயில் எந்த மாதத்திலும் எட்டாத வீடு என்றால் மல்லிகையைத் துன்புறுத்த வேண்டாம். சமூகத் தோட்டத்தில் ஓர் இடம் கேளுங்கள், அல்லது நிழலைத் தாங்கும் செடிக்கு மாறுங்கள். பூவுக்குத் தேக்காவில் (லிட்டில் இந்தியா வட்டாரம்) கடைகள் இருக்கின்றன.

## அறிகுறி 4: மொட்டு வைக்கிறது, மலருமுன் உதிர்கிறது

### மொட்டு பச்சையாகவே விழுகிறது

மொட்டு வந்த பிறகு தொட்டியைத் திருப்பினீர்களா, இடம் மாற்றினீர்களா? செம்பருத்தி இதற்கு உடனே மொட்டை உதிர்க்கும். அடுத்த காரணம் ஒருநாள் வறட்சி, மறுநாள் வெள்ளம். ஈரத்தை ஒரே சீராக வைத்தால் அடுத்த மொட்டுகள் நிற்கும்.

### மல்லிகை மொட்டு ஊதா நிறமாகி, வீங்கிக் கோணிக்கொள்கிறது

இது மொட்டு ஈ. ஒரு மொட்டைக் கிள்ளி வெள்ளைத் தாளின் மேல் நகத்தால் பிளந்து பாருங்கள். வெளிர் நிறத்தில் மிகச் சிறிய புழுக்கள் நெளியும். சில துள்ளவும் செய்யும். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். புழு உள்ளே இருப்பதால் மேலே தெளிக்கும் எந்த மருந்தும் அதைத் தொடாது.

ஊதா மொட்டுகள் அனைத்தையும், கீழே விழுந்தவற்றையும் பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். தொட்டி மண்ணில் விடவே கூடாது. புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூடாகி, ஈயாக எழும். மேல்மண்ணை ஓர் அங்குலம் அகற்றிப் புதுக் கலவை போடுங்கள். நான்கு வாரம் வரும் மொட்டுகளை எல்லாம் இரக்கம் பார்க்காமல் கிள்ளினால் அதன் சுழற்சி அறுந்துவிடும். பக்கத்து வீட்டிலும் மல்லிகை இருந்தால் இருவரும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டும். தனியாகச் செய்தால் மறுபடி வரும்.

மொட்டில் துளையும் எச்சமும் தெரிந்தால் அது மொட்டுப்புழு. பல மொட்டுகளை நூலால் பிணைத்து வைத்திருக்கும். அந்தக் கொத்தோடு வெட்டி எறியுங்கள்.

## அறிகுறி 5: வெள்ளைப் பஞ்சு, பிசுபிசுப்பு, எறும்பு வரிசை

மாவுப்பூச்சி. இலைக்காம்பு தண்டோடு சேரும் மூலையில் பஞ்சு போல் இருக்கும். அது கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு வரும், அதே நீரின்மேல் கரும்பூஞ்சை படியும். கரும்பூஞ்சையைத் துடைத்தால் போய்விடும், அதற்குத் தனி மருந்து வேண்டாம்.

செடியைத் தனியே ஒதுக்குங்கள். குளியலறையில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். மிஞ்சியதைக் காது குடையும் பஞ்சுக்குச்சியில் 70 விழுக்காடு ஆல்கஹாலைத் தொட்டு ஒவ்வொன்றாகத் துடையுங்கள். பரவலாக இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும், அது தண்ணீரோடு கலக்கச் சில துளி பாத்திரம் கழுவும் சோப்பும் சேர்த்து, வெயில் தாழ்ந்த பின் இலையின் இருபக்கமும் தெளியுங்கள். ஒருமுறை தெளித்துவிட்டு நிறுத்துவதால்தான் பலருக்கும் பலிப்பதில்லை. முட்டைகள் பொரித்து வரும் என்பதால் வாரம் ஒருமுறை வீதம் மூன்று வாரம் விடாமல் செய்ய வேண்டும். எறும்பையும் விரட்டுங்கள், அதுதான் பூச்சியைக் காவல் காக்கிறது.

மேலே எதுவும் இல்லாமல் செடி நலிந்துகொண்டே போனால் வேரைப் பாருங்கள். மாவுப்பூச்சி வேரிலும் குடியிருக்கும். அப்போது மண் முழுவதையும் மாற்ற வேண்டும், பழைய மண்ணை வேறு தொட்டிக்குப் போடக் கூடாது.

## அறிகுறி 6: இலை சாம்பல் பூத்து, ஊசிமுனைப் புள்ளிகள்

இலையின் அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழும் புள்ளிகள் நகர்ந்தால் சிலந்திப்பேன். மழையே படாத நடைபாதை மூலைகளிலும் ஏர்கான் அறைகளிலும் இது வரும். தண்ணீரால் இலையடியை மூன்று நாளுக்கு ஒருமுறை பலமாகக் கழுவினால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் மேலே சொன்ன வேப்பெண்ணெய். புகைமூட்டக் காலத்தில் படியும் தூசும் இலையை மங்கச் செய்யும். ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

## அறிகுறி 7: தொட்டியிலிருந்து சிறு கரும்பூச்சி பறக்கிறது, அல்லது மண் நாறுகிறது

கடிக்காத, தத்தித் தத்திப் பறக்கும் பூச்சி என்றால் அது மண் ஈ. மேல்மண் இரண்டு அங்குலம் காயும்படி விட்டாலே அதன் புழு செத்துவிடும். மண்மேல் போட்ட வாழைப்பழத் தோல், தேயிலைச் சக்கை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றைச் செருகினால் எத்தனை விழுகிறது என்று தெரியும்.

தட்டில் நெளிவது கொசுப்புழு என்றால் அன்றே நடவடிக்கை எடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரமே போதும். தட்டின் தண்ணீரை வடிகாலில் கொட்டாமல் மண்ணிலோ துணியிலோ ஊற்றுங்கள், தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் வெறும் தண்ணீருக்குப் போகாது. இறுகிப்போன மண்ணின் மேலும் தண்ணீர் தேங்கும், அதைக் கொத்திவிடுங்கள். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் சோதனையில் கொசுப்புழு அகப்பட்டால் 200 சிங்கப்பூர் வெள்ளியிலிருந்து அபராதம் உண்டு. அதைவிடப் பெரிது, டெங்கி அடுத்த வீட்டுப் பாட்டிக்கும் வரும் என்பது.

எப்போது அழைப்பது: தட்டில் தண்ணீரே இல்லாதபோதும் கொசு தொடர்ந்தால் பிறப்பிடம் உங்கள் தொட்டி அல்ல, புளோக்கைப் பராமரிக்கும் நகர மன்றத்துக்குத் தெரிவியுங்கள். தொட்டிக்கு அடியில் தரை எப்போதும் ஈரமாக இருந்தாலோ, கீழ்வீட்டார் கூரையில் கசிவு என்றாலோ செடிகளை அப்புறப்படுத்திவிட்டு உடனே சொல்லுங்கள். தொட்டிக்குள் கரையான் மண்குழாய் கண்டால் பூச்சி ஒழிப்பவரை அழைக்க வேண்டும். அதற்கு வேப்பெண்ணெய் போதாது, வீட்டுக் கதவுச் சட்டம் பக்கத்திலேயே இருக்கிறது.

## அறிகுறி 8: வெயிலுக்குத் திருப்பி வைத்ததும் இலை வெளுத்துத் தாள்போல் ஆகிறது

வெயில் சுட்டது. உள்ளே வளர்ந்த இலை மென்மையானது. முதல் இரண்டு நாள் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு சிறிது சிறிதாகக் கூட்டி, பத்து நாளில் முழு வெயிலுக்குக் கொண்டுபோங்கள். வெளுத்த இலை தேறாது; புது இலை வரும்வரை அதைக் கிள்ள வேண்டாம்.

## அறிகுறி 9: இலையே இல்லை, செத்துவிட்டதா?

நுனியிலிருந்து தொடங்கிக் கிளையை நகத்தால் சுரண்டிக்கொண்டே கீழே வாருங்கள். பழுப்பு, பழுப்பு, பிறகு ஓரிடத்தில் ஈரப்பச்சை தெரியும். அந்தப் பச்சைப் பகுதியில், ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அடித்தண்டு வரை பச்சையே இல்லை என்றாலும் நான்கு வாரம் பொறுங்கள். குண்டுமல்லி மண்ணுக்குள்ளிருந்தும் துளிர்க்கும். அந்த நான்கு வாரமும் குச்சி காய்ந்தால் மட்டும் தண்ணீர்.

நான்கு வாரத்துக்குப் பிறகும் ஒன்றும் இல்லையா? ஊரிலிருந்து பெட்டியில் பதியன் கொண்டுவரும் எண்ணம் வேண்டாம். அதற்குப் பயிர்நலச் சான்றிதழ் வேண்டும், நோயும் கூடவே வரும். அண்டை வீட்டு மல்லிகையில் பூத்து முடிந்த கிளையாகப் பார்த்து, பென்சிலைவிட மெல்லிய, பாதி முற்றிய கொம்பு ஒன்றை ஒரு சாண் நீளத்துக்குக் கேட்டு வாங்குங்கள். அடிக்கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, ஈர நார்த்தூளில் இரண்டு கணு புதையும்படி நட்டு, ஒளிபுகும் பையால் மூடி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். நான்கிலிருந்து ஆறு வாரத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். கொம்பு வர மறுத்தால் வேர் பிடித்துவிட்டது, பையை எடுத்துவிடலாம்.